பதினாறு ஆண்டு நின்ற புல்லட்டும் விருதம்பட்டுப் பட்டறையும்

என் தந்தையார் 1979ஆம் ஆண்டு வாங்கிய என்ஃபீல்ட் புல்லட் 350, 2008இல் கடைசியாக ஓடியபின் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் பதினாறு ஆண்டுகள் அசையாமல் நின்றது. வருவாய் ஆய்வாளராக இருந்த அவர் அணைக்கட்டு, ஒடுகத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் அதில்தான் போய்வந்தார். 2024 ஆவணியில் அதை விருதம்பட்டில் உள்ள ஒரு சிறிய பட்டறையில் ஒப்படைத்தேன்; ஐப்பசியில் அது ஓடும் வண்டியாக வீடு திரும்பியது. பழைய வண்டியை வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தயங்கும் வேலூர்க்காரர்களுக்குப் பயன்படும் என்பதால், அந்தப் பட்டறை செய்த வேலையையும் அதில் எனக்கிருக்கும் இரண்டு மூன்று மனக்குறைகளையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வேறு இரண்டு இடங்களுக்குப் போனேன். ஒரு பட்டறையில் வண்டியை இறக்கியவுடனேயே டேங்கில் பெட்ரோல் ஊற்றிக் கிக்கரை மிதிக்கத் தொடங்கிவிட்டார்கள். கிக்கர் இறங்கவில்லை என்றதும் ஒருவர் அதன்மேல் ஏறி நின்று முழு எடையையும் போட்டு அழுத்தினார். கிக்கர்த் தண்டு நெளிந்ததுதான் மிச்சம். இன்னோர் இடத்தில் எஞ்சினைப் பற்றிப் பேச்சே எழவில்லை. டேங்க்கை மாற்றிப் புதுப் பெயின்ட் அடித்து, குரோமிய முலாம் பூசித் தொண்ணூறாயிரம் ரூபாய்க்குப் புது வண்டியாக்கித் தருவதாகச் சொன்னார்கள். எனக்கு வேண்டியிருந்தது புது வண்டி அன்று.

விருதம்பட்டுப் பட்டறையை நடத்துபவரை எல்லாரும் பாய் என்றே அழைக்கிறார்கள்; நானும் அப்படியே அழைத்தேன். அறுபதைக் கடந்தவர். வண்டியைப் பார்க்க வீட்டுக்கே வந்த அவர், கிக்கரைத் தொடாமல் பிளக்கைக் கழற்றி, உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். பிறகு காற்று வடிகட்டியைத் திறந்து எலிக்கூட்டையும், சைலென்சர் முனையில் குளவி கட்டியிருந்த மண்கூட்டையும் எடுத்துக் காட்டினார். விளக்குக் கூட்டுக்குள் செல்லும் ஒயர்களில் பாதியை எலி கடித்திருந்தது. பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர்ச் சுவரோடு துருவால் ஒட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, பிளக் துளை வழியாக டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றினார். “பத்து நாள் இப்படியே இருக்கட்டும் சார், அவசரப்பட்டா உள்ள கோடு விழுந்துடும்” என்று சொல்லிவிட்டுப் போனார். வந்து பார்த்ததற்கு ஒரு ரூபாயும் வாங்கவில்லை.

அந்தப் பத்து நாளின் அருமை எனக்குப் பிறகுதான் விளங்கியது. இந்த எஞ்சினில் ஆயில் தொட்டி தனியாக இல்லை. கிராங்க் உறைக்குள்ளேயே ஓர் அறையாக இருக்கிறது. ஆயிலை மேலே அனுப்ப ஒரு பம்ப், திருப்பி இழுக்க ஒரு பம்ப் என்று இரண்டு உண்டு. வண்டி நெடுநாள் நின்றால், ஆயில் பம்ப்பின் இடைவெளிகளில் மெல்லக் கசிந்து கிராங்க் சுழலும் அடியறையில் தேங்கிவிடுகிறது. மேலே வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்களும் சிலிண்டர்ச் சுவரும் உலர்ந்துபோகின்றன. அந்த நிலையில் வலிந்து மிதித்தால் துருவே அரம்போல் சுவரை அறுக்கும். பத்தாம் நாளில் வண்டியைப் பட்டறைக்கு ஏற்றிச் சென்று, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தே பிஸ்டனை விடுவித்தார். எஞ்சினில் சுத்தியல் படவே இல்லை.

சிலிண்டரைக் கழற்றியபோது, பிஸ்டன் பதினாறு ஆண்டுகள் நின்ற இடத்தில் நகத்தால் தடவினாலே தட்டுப்படும் வளையம்போன்ற வடு இருந்தது. சிலிண்டரைக் குடைந்து சற்றுப் பெரிதாக்கும் போரிங்கைத் தவிர வழியில்லை. இங்கேதான் அவருடைய அனுபவத்தைக் கண்டேன். அவர் முதலில் அடுத்த அளவுப் பிஸ்டனை வாங்கி, அதைச் சிலிண்டரோடு சேர்த்து லேத் பட்டறைக்கு எடுத்துப்போனார். கையில் உள்ள பிஸ்டனை அளந்து, அதற்கு வேண்டிய இடைவெளி விட்டே சிலிண்டரைக் குடைய வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். வால்வுகளை மாற்றவில்லை. பேஸ்ட் போட்டுத் தேய்த்துப் பொருத்தி, ஹெட்டின் துளைகளில் பெட்ரோலை ஊற்றி, ஒரு சொட்டும் வால்வைத் தாண்டிக் கசியவில்லை என்பதை எனக்குக் காட்டிய பிறகே மூடினார்.

பெட்ரோல் டேங்க்கை அவர் கையாண்ட விதத்துக்காகவே இந்தப் பட்டறையைத் தனியாகப் பாராட்ட வேண்டும். மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்து 1955இல் தொடங்கிய என்ஃபீல்ட் இந்தியாவின் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில், டேங்க்கின் பொற்கோடுகளைத் தூரிகை பிடித்துக் கையாலேயே தீட்டினார்கள். எங்கள் டேங்க்கில் அந்தக் கோடுகள் மங்கியிருந்தாலும் அறுபடாமல் இருந்தன. பெயின்ட் அடித்தால் அவை மறைந்துவிடும் என்று பாயே சொல்லி, வெளிப்புறத்தைத் தொடாமல் உட்புறத்தை மட்டும் சுத்தம் செய்தார். சிறு நட்டுகளையும் வினிகரையும் உள்ளே போட்டு நாள் கணக்கில் குலுக்கித் துருவைக் கழற்றி, சோடா உப்புக் கரைசலால் அமிலத்தை முறித்து, நடுப்பகல் வெயிலில் காயவைத்து, உடனே டீசலால் அலசி வைத்தார். வேலூர் வெயிலை நாம் குறைசொல்லாத நாளில்லை. டேங்க்கின் உட்புறத்தை மறுபடி துரு பிடிக்கும் முன் ஒரு மணி நேரத்துக்குள் உலர்த்தித் தந்தது அந்த வெயில்தான்.

கார்புரேட்டரில் பெட்ரோல் செல்லும் நுண்துளைகளான ஜெட்டுகள் காய்ந்த பெட்ரோல் படிந்து பிசின்போல் அடைத்திருந்தன. அவற்றைக் கம்பியால் குத்தாமல், ஊறவைத்துக் காற்றடித்துத் திறந்தார். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் உப்பி இளகிவிடும் என்று குழாயையும் வாஷர்களையும் மாற்றினார். சில நாள் ஓட்டாமல் நிறுத்துவதாக இருந்தால், டேங்க்கின் அடியில் உள்ள பெட்ரோல் திருகை மூடி, கார்புரேட்டரில் மிஞ்சியது தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும் என்பது அவர் எனக்குச் சொன்ன அறிவுரை.

ஒயரிங் முழுவதும் புதிது, டயர்களும் அப்படியே. 19 அங்குலச் சக்கரத்தில் இருந்த பழைய டயர்களின் பூவேலை தேயாமல் இருந்ததால் அவற்றையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். டயரின் பக்கவாட்டில் 2506 என்று இருந்த எண்ணைக் காட்டி, 2006ஆம் ஆண்டின் 25ஆவது வாரத்தில் செய்தது என்று அதற்குப் பொருள் சொல்லி, வெடித்திருந்த ரப்பரை விரலால் விரித்துக் காண்பித்தார். அதற்குமேல் நான் பேசவில்லை.

பிளக்கில் பொறி எழும் நேரத்தைத் தீர்மானிக்கும் சிறு சுவிட்சான பாயிண்ட் செட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இக்காலத்தில் பலரும் அதற்குப் பதில் மின்னணு இக்னிஷன் மாட்டிவிடுகிறார்கள். இவர் பழைய பாயிண்டையே தேய்த்துச் சீராக்கி, கண்டன்சரை மட்டும் சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து வரவழைத்தார். பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகட்டை வைத்து 0.35 மில்லிமீட்டருக்கும் 0.40க்கும் இடையே நிறுத்தினார். பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால் பாயிண்ட் திறக்க வேண்டும். பாயிண்டுக்கு நடுவே மெல்லிய காகிதத்தைச் செருகி, அது பிடி தளர்ந்து நழுவும் அந்தக் கணத்தைக் கொண்டு டைமிங்கை முடிவுசெய்தார். இது வழியில் பழுதானால் நானே சரிசெய்துகொள்ளக்கூடிய அமைப்பு என்பதால் அவருடைய முடிவை முழு மனத்தோடு ஏற்கிறேன்.

ஸ்டார்ட் செய்யும் நாளில் என்னை வரச்சொன்னார். முதலில் பிளக் இல்லாமல், ராக்கருக்கு ஆயில் செல்லும் குழாயின் போல்ட்டைத் தளர்த்திவைத்து, அங்கே ஆயில் வந்து எட்டிப் பார்க்கும்வரை மிதித்துக்கொண்டே இருந்தார். பிறகு பிளக்கைப் பூட்டி, சாவியைத் திருப்பி, மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல இறக்கி, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து இன்னும் சிறிது தாண்டவைத்து, லீவரை விட்டு ஒரே மிதி. நான்காவது முயற்சியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. 70 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 90 மில்லிமீட்டர் நீளம் ஓடும் பிஸ்டன் ஆதலால், இந்த 346 சிசி எஞ்சின் தாழ்ந்த வேகத்தில் ஒவ்வோர் அடியையும் தனித்தனியாக எண்ணும்படி ஒலிக்கும். அந்த ஒலியைப் பதினாறு ஆண்டுகளுக்குப்பின் கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. பாயும் ஒன்றும் பேசாமல் என் பக்கம் ஒரு நாற்காலியை நகர்த்திவிட்டு, கார்புரேட்டரின் ஐட்லிங் திருகைச் சரிசெய்யப் போய்விட்டார்.

இனி மனக்குறைகள். மூன்று வாரம் என்று சொன்ன வேலை ஒன்பது வாரம் எடுத்தது. தாமதத்தில் பெரும்பகுதி லேத் பட்டறையாலும் உதிரிபாகங்கள் வரவேண்டியிருந்ததாலும் நேர்ந்தது என்பதை அறிவேன். ஆனால் போன் செய்தால் எடுப்பதில்லை. நேரில் போனால்தான் நிலவரம் தெரியும். கணக்கும் முதலில் ஒரே தாளில் மொத்தத் தொகையாக வந்தது. கேட்டபின்தான் பிரித்து எழுதிக் கொடுத்தார். மொத்தம் 37,800 ரூபாய். அதில் கூலி 11,000, பிஸ்டனும் போரிங்கும் 6,200, டயர் டியூப் 5,600. இந்த வேலைக்கு இது நியாயமான தொகை என்றே கருதுகிறேன். கழற்றிய பழைய பாகங்கள் ஒவ்வொன்றையும் ஒரு சாக்கில் கட்டித் திருப்பித் தந்ததால் எதை மாற்றினார் என்பதில் ஐயமும் இல்லை. ஆனால் முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்வது இருவருக்கும் நல்லது. பிரைமரி செயின் உறையின் அடியில் இன்னமும் ஆயில் துளிர்க்கிறது.

பதிவுப் புத்தக வேலையை அவர் செய்வதில்லை. அதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் புத்தகத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்றே இருக்கிறது. அந்த மாவட்டம் 1989இல் பிரிந்தது, அதன்பின் வந்த வேலூர் மாவட்டமும் 2019இல் மூன்றானது. பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டிக்குப் படிவம் 25 கொடுத்து, சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவை நீட்டிக்க வேண்டும். 2021இல் வந்த விதியின்படி ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வண்டி என்று தனிப் பதிவில் சேர்க்கலாம்; ஆனால் அவற்றை அன்றாடம் ஓட்ட முடியாது. எனக்கு ஓட்ட வேண்டும் என்பதால் சாதாரணப் பதிவே போதும்.

கணியம்பாடி வழியாக அமிர்தி வரை போய்வந்தேன். கியர் வலது காலில், முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. பிரேக் இடது காலில். இன்றைய வண்டி பழகியவர்கள் முதல் சில நாள் காலியான சாலையில் பழகிக்கொள்வது கட்டாயம். முன்பக்க டிரம் பிரேக் இப்போதைய வண்டிகளைப்போல் பிடிக்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆயில் மாற்றவும் டேப்பெட் என்னும் வால்வு இடைவெளியைப் பார்க்கவும் ஒரு மாலையில் வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிச் சென்றேன். எஞ்சின் சூடாக இருக்கும்போது டேப்பெட் வைத்தால் அளவு தவறும் என்று சொல்லி, ஆயிலை மட்டும் சூட்டோடு வடித்துவிட்டு, வண்டியை இரவு அங்கேயே விட்டுப்போகச் சொன்னார். மறுநாள் காலையில் நான் போனபோது, ஆறிய எஞ்சினின் டேப்பெட் மூடியைத் திறந்து, ராக்கரைத் தள்ளும் புஷ்ராடு விரலுக்குத் தடையின்றிச் சுழல்கிறதா, மேலும் கீழும் ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னையும் விரலை வைத்துச் சுழற்றிப் பார்க்கச் சொன்னார். அதற்குக் கூலி வாங்கவில்லை.