யார் கையிலிருந்து வந்தது? தில்லி அருங்காட்சியகத்தில் ஒரு தமிழ் நடை

ஜன்பத் சாலையிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சிறு குழு தமிழில் நடை, அதாவது பொருள்களைச் சுற்றிக்காட்டி விளக்கும் உலா, நடத்துகிறது. என்னோடு மருத்துவமனையில் வேலை பார்க்கும் தோழியையும் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். அன்றிலிருந்து வாட்ஸ்ஆப்பில் "எப்படி இருந்தது, பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா, காசுக்குத் தகுமா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். முடிவை முதலிலேயே சொல்கிறேன்: கட்டாயம் போங்கள். ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போங்கள்.

தலைக்கு அறுநூறு ரூபாய், நுழைவுச் சீட்டு தனி. நடத்துபவர் தில்லியில் தமிழ்ப் பள்ளியொன்றில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியர். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். குரல் நல்ல குரல், ஆனால் மைக் கிடையாது. எங்கள் குழுவில் இருபது பேருக்கு மேல் இருந்ததால் பின்னால் நின்றவர்களுக்குப் பாதி கேட்கவில்லை. ஆர்.கே.புரத்திலிருந்து வந்திருந்த வயதான தம்பதி, நடுவில் எங்கும் உட்கார நேரம் தராததால் தவித்துப் போனார்கள். பணம் வாங்கிக்கொண்டு நடத்தும்போது இவ்வளவையாவது யோசித்திருக்க வேண்டும். காது ஒலிக்கருவி வாடகைக்குக் கிடைக்கிறது, அல்லது ஆட்களைப் பாதியாகக் குறைக்கலாம்.

சரி, இனி நடைக்கு வருகிறேன்.

வழக்கமான வழிகாட்டிகள் எந்த நூற்றாண்டு, எந்த அரசர், கல்லா வெண்கலமா என்று சொல்லிவிட்டு அடுத்த அலமாரிக்குப் போய்விடுவார்கள். இவர் ஒவ்வொரு பொருளின் முன்னும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: இது யார் கையிலிருந்து இங்கே வந்தது? எடுத்தவர் பெயர் என்ன, யாராவது மனமுவந்து கொடுத்தார்களா, இன்று அதைக் கேட்க யாருக்கு உரிமை உண்டு என்று அந்த ஒரு கேள்வியிலிருந்தே மற்றதெல்லாம் கிளம்புகிறது.

தொடக்கம் ஹரப்பா கூடத்தில். மொகஞ்சதாரோவில் கிடைத்த, பச்சைக்கல் மணிகளும் தங்கத் தகடுகளும் கோத்த ஒரு மாலை. 1947இல் நாடு பிரிந்தபோது அருங்காட்சியகப் பொருள்களையும் பங்கு போட்டார்கள். அப்போது இந்த மாலையையே பிரித்து ஒரு பகுதியை இந்தியாவுக்கும் மறுபகுதியைப் பாகிஸ்தானுக்கும் கொடுத்துவிட்டார்கள். நான்காயிரம் ஆண்டுக்கும் மேல் மண்ணுக்குள் ஒன்றாகக் கிடந்ததை மேசையில் வைத்துக் கணக்குப் பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். அதைக் கேட்ட எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "அப்போ அந்தப் பாதியைப் பார்க்க விசா வேணுமா சார்?" என்றான். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, மறுபடி ஒன்றாகச் சேர்ப்பதென்றால் எந்த நாட்டில் சேர்ப்பது என்று அவனிடமே திருப்பிக் கேட்டார்.

அடுத்தது மாடியில் மத்திய ஆசியக் கூடம். இந்த நடையின் துணிச்சல் இங்கேதான் இருக்கிறது. ஹங்கேரியில் பிறந்து பிரிட்டிஷ் இந்திய அரசிடம் வேலை பார்த்த ஆரல் ஸ்டைன், 1900 முதல் 1916 வரை மூன்று முறை இன்றைய சீனாவின் சின்ஜியாங், கான்சு பகுதிகளுக்குப் போய்ப் பாலைவனத்தில் புதைந்த ஊர்களைத் தோண்டினார். துன்ஹுவாங் குகையில் காவலிருந்த வாங் என்ற துறவியிடம் 1907இல் சொற்பக் காசு கொடுத்து, ஏட்டுச்சுருள்களையும் பட்டு ஓவியங்களையும் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு வந்தார். அதில் ஒரு பங்குதான் தில்லியில் இருக்கிறது. "அது வெள்ளைக்காரன் செய்த வேலை, நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒருவர் கொஞ்சம் சூடாகவே கேட்டார். ஆசிரியர் பதறவில்லை. இரண்டாவது பயணத்தின் செலவில் ஐந்தில் மூன்று பங்கை இந்திய அரசும், இரண்டு பங்கை லண்டன் பிரிட்டிஷ் மியூசியமும் போட்டன, பொருள்களையும் அதே விகிதத்தில் பிரித்துக்கொண்டார்கள், மூன்றாவது பயணத்துக்கு முழுச்செலவும் இந்திய அரசுடையது என்று நிதானமாகச் சொன்னார். இந்திய அரசின் கஜானா என்றால் நம் பாட்டன்மார் கட்டிய வரிதானே. லண்டனிடம் நாம் ஒன்றைக் கேட்கும்போது, நம்மிடம் கேட்கக்கூடியவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. இதைத் தில்லியில், அதுவும் தமிழில், ஒருவர் எடுத்துச் சொல்லிக் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

உத்தரப் பிரதேசத்துப் பிப்ராவாவில் கிடைத்த புத்த தாதுக்களுக்கு, அதாவது புத்தருடையவை என்று கருதப்படும் எலும்பு எச்சங்களுக்கு, அதிக நேரம் ஒதுக்கவில்லை. 1898இல் பெப்பே என்ற நிலக்கிழார் தன் பண்ணையிலிருந்த தூபியைத் தோண்டியதும், அவர் குடும்பத்திடம் தங்கிய மணிகள் 2025 மே மாதம் ஹாங்காங்கில் ஏலத்துக்கு வந்து, எதிர்ப்பு கிளம்பவே நின்று, ஜூலை இறுதியில் இந்தியா திரும்பியதும் செய்தித்தாளிலேயே வந்த கதைதான்.

வெண்கலக் கூடத்தில் திருவரங்குளத்து நடராசர். புதுக்கோட்டைப் பக்கத்து ஊர். காலைக் குறுக்கே தூக்காமல் முழங்கால் மடக்கி ஆடும் சதுர தாண்டவம். மாமி ஒருவர் கைகூப்பிவிட்டு அப்படியே கண்மூடி நின்றுவிட்டார், எல்லோரும் அவருக்காகக் காத்திருந்தோம். பிறகு ஆசிரியர் இரண்டு நடராசர்களின் கதையைச் சொன்னார்.

முதலாவது அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானைச் சேர்ந்தது. திருடிக் கடத்தி, 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்கு ஐம்பது லட்சம் டாலருக்கு விற்றார்கள். 2014 செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதமர் டோனி அபாட் தில்லிக்கே வந்து ஒப்படைத்தார். பெரிய விழா, நிறையப் புகைப்படங்கள். அங்கிருந்து சிலை கும்பகோணத்திலுள்ள சிலைகள் பாதுகாப்பு மையத்துக்குப் போனது. இரண்டாவது கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலுடையது. 1982இல் களவு போய், அடிலெய்டில் கண்டுபிடித்து, 2019இல் ரயிலில் சென்னைக்குக் கொண்டுவந்து, கல்லிடைக்குறிச்சிக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். முப்பத்தேழு வருஷம் கழித்துச் சாமி தன் சன்னிதிக்குப் போனார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னதுதான் எனக்கு மனதில் நின்றது. திரும்பி வருவது என்றால் எதுவரை? விமான நிலையம் வரையா, தலைநகர் வரையா, பூட்டுப் போட்ட மையம் வரையா? ஸ்ரீபுரந்தான்காரருக்குத் தன் சாமி கான்பெராவில் இருந்தாலும் கும்பகோணத்தில் இருந்தாலும், விளக்கேற்ற முடியாத இடம் என்பதில் வித்தியாசம் ஏது? பாதுகாப்பு வேண்டும் என்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. அப்படியானால் அந்தப் பாதுகாப்பை ஊரில் கொண்டுபோய் வையுங்கள். கதவும் கேமராவும் காவலாளியும் கும்பகோணத்தில் மட்டும்தான் வேலை செய்யுமா?

இவை இரண்டும் சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த திருட்டுகள். காவல்துறை வழக்கு உண்டு, பழைய புகைப்படம் உண்டு, பண்பாட்டுப் பொருள்களின் கடத்தலைத் தடுக்கும் 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கை உண்டு. வெள்ளையர் காலத்தில் மலையிலிருந்தும் காட்டிலிருந்தும் எடுத்துப் போனதற்கு இவை எதுவும் கிடையாது. எடுத்தவரே அப்போது கலெக்டர், அவரே நீதிபதி. பறிகொடுத்தவர் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பார்?

மேல்மாடியில் வடகிழக்குப் பழங்குடிகள் கூடத்துக்கு வந்தபோது நேரம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. என் பெரிய குறை இதுதான். நடையின் மையமாக இருக்க வேண்டிய இடம் கடைசி இருபது நிமிடத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. அதிலும் அன்று அந்த இருபது நிமிடம் எங்களுக்கு உருப்படியாக அமைந்ததற்குக் காரணம் என் தோழி.

அவள் நாகாலாந்தின் மொகோக்சுங்கைச் சேர்ந்த ஆவோ நாகா இனத்தவள். தமிழ் தெரியாது. அதுவரை நான் காதோரம் இந்தியில் சொல்லிக்கொண்டு வந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு போர்வையைப் பார்த்ததும் அவளே பேச ஆரம்பித்தாள். நடுவிலுள்ள வெள்ளைப் பட்டையில் வரைந்திருக்கும் மிதுன் மாடு, புலி, சேவல், ஈட்டி, மனிதத் தலை ஒவ்வொன்றும் ஒரு தகுதி என்றாள். போரில் தலை கொண்டுவந்தவர், மிதுனை பலி கொடுத்து ஊருக்கே விருந்து வைத்தவர், இப்படிப் பட்டவர்கள்தான் இதைப் போர்த்தலாம், அழகாக இருக்கிறதென்று யாரும் எடுத்துப் போர்த்திவிட முடியாது என்றாள். ஆசிரியர் உடனே ஒதுங்கி நின்று, "நீங்கள் சொல்லுங்கம்மா, நான் தமிழில் சொல்கிறேன்" என்றார். தன் நடையில் இன்னொருவருக்கு இப்படி இடம் விடுகிற வழிகாட்டியை நான் பார்த்ததில்லை.

பிறகு அவர் ஆக்ஸ்ஃபோர்டு பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தைப் பற்றிச் சொன்னார். உலகிலேயே பெரிய நாகா சேகரிப்பு அங்கேதான் இருக்கிறது, சுமார் 6,500 பொருள்கள். நாகா மலையில் நிர்வாகிகளாக இருந்த ஹட்டனும் மில்ஸும் கொடுத்தவை அதில் ஏராளம். ஈட்டியும் போர்வையும் மட்டுமில்லை, மனித மண்டையோடுகளும் எலும்புகளும் உண்டு. 2020இல் மனித எச்சங்களைக் காட்சியிலிருந்து எடுத்தார்கள். அதன்பின் நாகா நல்லிணக்க மன்றம், டாலி கிகோன் போன்ற நாகா ஆய்வாளர்களோடு சேர்ந்து, முன்னோர்களைத் திரும்பக் கொண்டுவரும் பேச்சை ஊர் ஊராக எடுத்துப் போனது. 2024 அக்டோபரில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலக்கடை, கொம்பு பொருத்திய நாகா மண்டையோடு ஒன்றை விற்பனைக்கு வைத்தது. நாகாலாந்து முதல்வர் நெய்ஃபியு ரியோ வெளியுறவு அமைச்சருக்கு எழுதினார், ஏலம் நின்றது. 2025 ஜூனில் நாகா குழு ஒன்று ஆக்ஸ்ஃபோர்டுக்கே போய் அந்த எச்சங்களை நேரில் பார்த்தது.

"வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று அந்த மாமிதான் என் தோழியிடம் கேட்டார். அது எங்களுக்கும் இன்னும் முழுதாகத் தெரியாது என்றாள் அவள். "நாங்கள் இப்போது கிறிஸ்தவர்கள். பழைய சடங்கு தெரிந்த பெரியவர்கள் குறைந்துவிட்டார்கள். சில மண்டையோடுகள் எங்கள் முன்னோர் அடுத்த ஊரிலிருந்து கொய்து வந்தவையாக இருக்கும். அப்படியானால் எந்த ஊருக்குக் கொடுப்பது? அதை நாங்கள்தான் உட்கார்ந்து பேச வேண்டும். பேசி முடிக்கவில்லை என்பதைக் காரணம் காட்டி அவர்களே வைத்துக்கொள்ளக் கூடாது."

நான் கோத்தகிரிக்காரி. எங்கள் மலையிலும் இப்படி ஒரு கதை உண்டு, அது இந்த நடையில் இல்லை. நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ், கல்கத்தா அருங்காட்சியகம் கேட்டதற்காகத் தோடர், கோத்தர், குறும்பர், இருளர் பொருள்களைச் சேகரித்தார், மலை உச்சிகளிலிருந்த கல்வட்டச் சமாதிகளைத் தோண்டினார். இவற்றைப் பற்றி அவர் எழுதிய நூல் 1873இல், அவர் இறந்தபின் வந்தது. சமாதிகளில் கிடைத்த வெண்கலக் கிண்ணங்களும் நகைகளும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் இருக்கின்றன. அந்தச் சமாதிகளைக் கட்டியவர் யார் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அந்த வாதம் நடக்கட்டும். அந்த மலையிலேயே இன்றும் வாழ்பவர்களை உட்காரவைத்துக் கேட்டுவிட்டு நடக்கட்டும் என்பதுதான் என் ஆசை. முடிந்ததும் ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார், நூலின் பெயரையும் கேட்டார்.

வட்டத் தாழ்வாரத்தில் நின்றபடியே லேமினேட் செய்த இரண்டு படங்களைக் கடைசியாகக் காட்டினார். ஒன்று, 1770இல் கேப்டன் குக்கின் ஆட்கள் சிட்னி பக்கத்தில் க்வீகல் என்ற ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களிடமிருந்து எடுத்த நாற்பது ஈட்டிகளில் மிஞ்சிய நான்கு. கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி 2024இல் அவற்றை அந்தச் சமூகத்துக்கே எழுதிக்கொடுத்துவிட்டது. மற்றொன்று, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர அருங்காட்சியகம் 1999இல் அமெரிக்கப் பழங்குடிகளான லக்கோட்டா மக்களுக்குத் திருப்பிக்கொடுத்த, ஆவி நடனம் என்ற சடங்குக்கான சட்டை. கொடுத்ததால் அங்கே அலமாரி காலியாகிவிடவில்லை. லக்கோட்டா பெண்மணி மார்செல்லா லெபோ தானே தைத்த இன்னொரு சட்டையைக் கொடுத்தார், அது அங்கே காட்சியில் வைக்கப்பட்டது. இந்த இரண்டையும் தொடக்கத்திலேயே காட்டியிருந்தால் "திருப்பிக்கொடுத்தால் மியூசியமே காலியாகிவிடுமே" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தவருக்கு அப்போதே பதில் கிடைத்திருக்கும்.

பிள்ளைகளைப் பற்றி: பத்து வயதுக்கு மேல் என்றால் தாராளமாகக் கூட்டிப்போங்கள். மண்டையோட்டுப் பேச்சு வரும், முன்பே சொல்லிவையுங்கள். அதற்கும் சின்னவர்கள் அலுத்துப்போவார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் மடக்கு நாற்காலியை உள்ளே கொண்டுவரலாமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். காலை உணவு சாப்பிட்டுவிட்டே வாருங்கள், நடுவில் இடைவேளை கிடையாது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். பதிவு செய்யும்போது எத்தனை பேர் வருகிறார்கள், வடகிழக்குக் கூடம் அன்று திறந்திருக்குமா என்று இரண்டையும் கேளுங்கள். அது மூடியிருக்கும் என்றால் வேறொரு ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.