நியூயார்க் நகரின் தடுப்பூசிச் சான்று: ஓர் அட்டை, இரண்டு செயலிகள், வாசலில் ஒரு பணியாளர்

2021 ஆகஸ்ட் மாதம் முதல் 2022 மார்ச் 7 வரை, நியூயார்க் நகரில் ஓர் உணவகத்துக்குள் அமர்ந்து சாப்பிடவோ, உடற்பயிற்சிக் கூடத்துக்கோ திரையரங்குக்கோ செல்லவோ விரும்பியவர்கள் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டதற்கான சான்றைக் காட்ட வேண்டியிருந்தது. அமெரிக்கப் பெருநகரங்களில் இப்படியொரு விதியை முதலில் அறிவித்தது நியூயார்க்தான். அன்றைய மேயர் பில் டி பிளாசியோ அதற்கு ‘கீ டு என்ஒய்சி’ (நியூயார்க் நகரின் சாவி) என்று பெயரிட்டார். இந்த விதி சரியா தவறா என்று நடந்த வாதத்தில் தனிமனித உரிமையும் பொதுச் சுகாதாரமும் நிறையவே பேசப்பட்டுவிட்டன. சான்றைக் கேட்ட அரசு, அதைக் காட்டுவதற்காக மக்களின் கையில் கொடுத்த கருவிகள் எப்படி இருந்தன என்பதையே இந்த மதிப்புரை பார்க்கிறது. அந்த வாதத்தில் எழுந்த கேள்விகளில் பலவற்றுக்கு இந்தக் கருவிகளிடமே பதில் இருந்தது என்பது என் கருத்து.

முதலில் காகித அட்டை. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் முத்திரையோடு தடுப்பூசி போட்ட இடத்திலேயே கொடுக்கப்பட்ட இந்த அட்டை ஏறத்தாழ 4 அங்குல நீளமும் 3 அங்குல உயரமும் கொண்டது. சாதாரண பர்ஸில் மடிக்காமல் வைக்க முடியாது. பெயரும் தேதியும் பெரும்பாலும் கையால் எழுதப்பட்டன. அடுத்த தவணையை நினைவூட்டுவதற்காக அச்சிடப்பட்ட ஒரு சீட்டை, பின்னர் நுழைவுச் சீட்டாக மாற்றிக்கொண்டார்கள் என்பதுதான் உண்மை. அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான ஒரே தடுப்பூசிப் பதிவேடு கிடையாது என்பதால், அட்டையில் உள்ளது மெய்யா பொய்யா என்று வாசலில் நிற்பவர் சரிபார்க்க வழியே இல்லை. போலி அட்டைகள் இணையத்தில் விற்பனைக்கு வந்ததில் வியப்பில்லை. அவற்றைத் தயாரிப்பதை வெளிப்படையாகக் குற்றமாக்கும் சட்டம் நியூயார்க் மாநிலத்தில் 2021 டிசம்பரில்தான் வந்தது. ஆனால் ஸ்மார்ட்ஃபோன் இல்லாத முதியவர்களுக்கும், செயலிகளைப் பயன்படுத்தத் தயங்கியவர்களுக்கும் இந்த அட்டைதான் கதவைத் திறந்தது. அந்த வகையில் இதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

அடுத்தது, மாநில அரசு ஐபிஎம் நிறுவனத்தைக் கொண்டு உருவாக்கி 2021 மார்ச்சில் வெளியிட்ட ‘எக்செல்சியர் பாஸ்’. பயனர் தன் பெயர், பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு ஆகியவற்றோடு தடுப்பூசி பற்றிய சில விவரங்களையும் தர வேண்டியிருந்தது. அவை மாநிலப் பதிவேட்டோடு ஒத்துப்போனால் ஒரு கியூஆர் குறியீடு கிடைத்தது. வாசலில் இருப்பவர் அதற்கென உள்ள மற்றொரு செயலியால் அதை ஸ்கேன் செய்தால், சான்று செல்லுமா செல்லாதா என்பதோடு பெயரும் பிறந்த தேதியும் மட்டும் தெரிந்தன. எந்த ஊசி, எங்கே, எப்போது என்ற விவரங்கள் தெரியவில்லை. ஒரு மருத்துவ ஆவணத்திலிருந்து வாசலுக்குத் தேவையானதை மட்டும் பிரித்துக் காட்டும் இந்த அமைப்பு நன்றாகச் சிந்தித்துச் செய்யப்பட்டது. பதிவுகளை எளிதில் மாற்ற முடியாதபடி பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் பிளாக்செயின் தொழில்நுட்பத்தில் இயங்குவதாகச் செய்த விளம்பரத்தை விட்டுவிடலாம். பயனருக்கு அதனால் ஒரு பயனும் இருந்ததாகத் தெரியவில்லை.

இதன் பலவீனங்கள் வேறு இடத்தில் இருந்தன. கண்காணிப்புத் தொழில்நுட்பங்களை எதிர்க்கும் ஓர் அமைப்பை நடத்தும் ஆல்பர்ட் ஃபாக்ஸ் கான், வேறொருவரின் அனுமதியோடு, அவரைப் பற்றி இணையத்தில் கிடைத்த தகவல்களை மட்டும் கொண்டு அவருடைய சான்றைச் சில நிமிடங்களில் பெற்றுக் காட்டினார். ஊசி போட்ட நாளில் பலரும் மகிழ்ச்சியோடு சமூக ஊடகத்தில் படம் போட்டிருந்த காலத்தில், அந்த விவரங்களைக் கடவுச்சொல்லைப் போல நம்பியது அலட்சியம். இன்னொரு குறை, மாநிலப் பதிவேட்டில் இல்லாதவர்களுக்கு இது தொடக்கத்தில் பயன்படவே இல்லை. ஆற்றைக் கடந்து நியூஜெர்சியில் ஊசி போட்டுக்கொண்டு மன்ஹாட்டனில் வேலை பார்ப்பவர் மீண்டும் காகித அட்டையைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் நிலையும் அப்படித்தான். உலகச் சுகாதார அமைப்பின் பட்டியலில் உள்ள தடுப்பூசிகளை நகரம் ஏற்றுக்கொண்டது என்றாலும், கோவாக்சின் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது 2021 நவம்பர் 3 அன்றுதான். அதுவரை அந்த ஊசியை முழுமையாகப் போட்டுக்கொண்டவர்கூட அந்த நகரத்தின் கணக்கில் ஊசி போடாதவர்தான்.

மூன்றாவதாக, நகர நிர்வாகமே வெளியிட்ட ‘என்ஒய்சி கோவிட் சேஃப்’ செயலி. காகித அட்டையையும் அடையாள அட்டையையும் படமெடுத்து அதில் சேமித்து வைத்து, கேட்கும்போது காட்ட முடிந்தது. அவ்வளவுதான். எந்தப் பதிவேட்டோடும் அது ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அதே கான் இதில் மிக்கி மவுஸின் படத்தை ஏற்றிப் பார்த்தார். செயலி மறுப்பேதும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. தனியுரிமையைக் கருதியே அப்படி வடிவமைத்ததாகவும், வாசலில் பார்ப்பவருக்கு அது தடுப்பூசி அட்டை அல்ல என்று தெரிந்துவிடும் என்றும் நகரத் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. இந்த விளக்கத்தைக் கேலி செய்தவர்கள் பலர். எனக்கு அதில் பாதி நியாயம் தெரிகிறது. தகவலைத் திரட்டாத செயலியிடமிருந்து யாரும் எதையும் திருட முடியாது என்பதால், அரசு நம்மைப் பின்தொடர்கிறது என்று அஞ்சியவர்களுக்கு உண்மையில் இதுதான் மிகப் பாதுகாப்பான தேர்வாக இருந்தது. ஆனால் ஒரு படச் சேமிப்புப் பெட்டிக்கு ‘பாதுகாப்பு’ என்று பெயர் சூட்டி, எதையோ சரிபார்த்துவிட்டது போன்ற தோற்றத்தைத் தந்ததை ஏற்க முடியாது. கைபேசியில் ஏற்கெனவே இருக்கும் கேமராவே அந்த வேலையைச் செய்யும்.

எந்தக் கருவியானாலும் கடைசியில் அதைப் பார்ப்பவர் உணவகத்தின் வாசலில் நிற்கும் பணியாளர்தான். இந்தச் சேவையின் மிகக் கடினமான பகுதி அவர் தலையில் விழுந்தது. 18 வயதுக்கு மேற்பட்டவரிடம் சான்றோடு அடையாள அட்டையையும் கேட்டுப் பெயரை ஒப்பிட வேண்டும். மறுப்பவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். கோபத்தையும் தாங்க வேண்டும். விதி முழுமையாக அமலான 2021 செப்டம்பர் மாதத்திலேயே, மன்ஹாட்டன் உணவகம் ஒன்றின் வாசல் பணியாளர் வாடிக்கையாளர்களால் தாக்கப்பட்ட செய்தி வந்தது. கேட்கத் தவறிய நிறுவனத்துக்கு முதலில் எச்சரிக்கை, அடுத்த முறை 1,000 டாலர் அபராதம், பிறகு அது ஏறிக்கொண்டே போகும். அதே காலத்தில் ஃபுளோரிடா மாநிலத்தில் நிலைமை தலைகீழ்: அங்கே வாடிக்கையாளரிடம் சான்று கேட்கும் நிறுவனத்துக்கு 5,000 டாலர் வரை அபராதம். ஒரே கேள்வி, ஓர் ஊரில் கேட்காதது குற்றம், இன்னோர் ஊரில் கேட்டது குற்றம். இரண்டு அரசுகளும் தங்கள் கொள்கையை நிலைநாட்டும் பொறுப்பைச் சிறு வணிகர்களின் தோளில் ஏற்றிவிட்டன என்பதில் மட்டும் வேறுபாடு இல்லை.

இந்த விதியின் சுமை எல்லோர் மீதும் சமமாக விழவில்லை என்ற குற்றச்சாட்டு வலுவானது. விதி அறிவிக்கப்பட்ட நேரத்தில் 18 முதல் 44 வயது வரையிலான கறுப்பின நியூயார்க்வாசிகளில் 28 சதவீதம் பேர் மட்டுமே முழுமையாகத் தடுப்பூசி போட்டிருந்தார்கள். பாஸ்டன் நகரின் தற்காலிக மேயராக இருந்த கிம் ஜேனி, அடிமை முறைக் காலத்தில் கறுப்பின மக்களிடம் ஆவணம் கேட்கப்பட்டதை இதோடு ஒப்பிட்டுப் பேசிக் கண்டனத்துக்கு ஆளாகிப் பின்னர் தன் சொற்களை விளக்க வேண்டியிருந்தது. ஒப்பீடு மிகையானது, கவலை மிகையானது அல்ல. அடையாள அட்டை கேட்கப்படும் எந்த வாசலிலும் முதலில் தயங்கி நிற்பவர் குடியேற்ற ஆவணங்கள் இல்லாதவர். குடியேற்ற நிலையைக் கேட்காமல் வழங்கப்படும் ‘ஐடிஎன்ஒய்சி’ அட்டை 2015 முதல் நியூயார்க்கில் இருந்தது இந்த இடத்தில் பெரிதும் உதவியிருக்க வேண்டும்.

சட்டத்தின் பக்கம் நகரத்துக்குப் பழைய துணை இருந்தது. பெரியம்மைக் காலத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரம் தடுப்பூசி மறுத்த ஹென்னிங் ஜேக்கப்சனுக்கு 5 டாலர் அபராதம் விதித்ததை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1905இல் ஏற்றுக்கொண்டது. அந்நாளில் கையில் இருந்த தழும்பே சான்றாகவும் கொள்ளப்பட்டது. போலி செய்வதற்கு அது சிடிசி அட்டையைவிடக் கடினம் என்று சொல்லத் தோன்றுகிறது.

சேவை பயன் தந்ததா? மக்களை ஊசி போட வைப்பதுதான் நோக்கம் என்றால், இத்தகைய விதிகளின் அறிவிப்பே வேலை செய்தது என்பதற்கு பிரான்ஸ் சான்று. 2021 ஜூலை 12 அன்று அதிபர் மக்ரோன் தொலைக்காட்சியில் அறிவித்ததை அடுத்து ஒரே நாளில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தடுப்பூசிக்கு முன்பதிவு செய்தார்கள். உணவகத்துக்குள் நோய் பரவாமல் தடுப்பதுதான் நோக்கம் என்றால், டிசம்பரில் ஓமிக்ரான் வந்த பிறகு அந்த வாதம் பெரிதும் தளர்ந்தது. தடுப்பூசி கடும் நோயிலிருந்து தொடர்ந்து காத்தது. தொற்றிலிருந்தும் பரவலிலிருந்தும் முன்போலக் காக்கவில்லை. நியூயார்க் அந்த மாதத்தில்தான் ஒரு தவணை போதும் என்ற நிலையிலிருந்து இரண்டு தவணைக்கு மாறி, 5 முதல் 11 வயதுச் சிறுவர்களையும் விதிக்குள் கொண்டுவந்தது. கருவியின் பயன் குறைந்துகொண்டிருந்தபோது அதன் வரம்பு விரிந்தது எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை.

மதிப்பெண் கேட்டால், எக்செல்சியர் பாஸுக்கு ஐந்தில் மூன்று, காகித அட்டைக்கு இரண்டு, நகரச் செயலிக்கு ஒன்று தருவேன். வாசல் பணியாளர்களுக்கு அந்த நகரம் தனியாகக் கடன்பட்டிருக்கிறது. இனி எந்த நகரமாவது இப்படியொரு சான்றைக் கேட்பதாக இருந்தால், அது பாஸ்டனைப் பார்க்கலாம். ஜேனிக்குப் பின் மேயரான மிஷெல் வூ 2022 ஜனவரியில் அங்கே இதே விதியைக் கொண்டுவந்தார். பிப்ரவரி தொடக்கத்தில், தீவிர சிகிச்சைப் படுக்கைகளில் 95 சதவீதத்துக்கும் குறைவாக நோயாளிகள் இருத்தல், நாளொன்றுக்கு 200க்கும் குறைவான மருத்துவமனைச் சேர்க்கைகள், பரிசோதனைகளில் 5 சதவீதத்துக்கும் குறைவான தொற்று என்ற மூன்று அளவுகள் எட்டப்பட்டால் விதி விலகும் என்று வெளிப்படையாக அறிவித்தார். அவை எட்டப்பட்டதும், பிப்ரவரி 18 அன்று விதி நீங்கியது.