சொந்தப் பெயரா, புனைபெயரா?

தர்மபுரிப் பக்கத்துப் பிள்ளைகள் சமூக வலைத்தளக் கணக்கு தொடங்கும்போது குழம்புவது இதில்தான்.

செலவு: இரண்டுக்கும் காசு கட்ட வேண்டியதில்லை.

நம்பிக்கை: போச்சம்பள்ளிச் சந்தையில் முகம் பார்த்துத்தான் வியாபாரம். மாம்பழம் விற்கிறவர் முகப்புப் படமாக ஒகேனக்கல் அருவியை வைத்தால் யார் முன்பணம் அனுப்புவார்கள்? இதில் சொந்தப் பெயர்தான்.

மறைவு: 'தகடூரான்' என்று ஊரின் பழம்பெயரில் ஒளிந்துகொண்டு சாதியைப் பற்றிக் கூட எழுதலாம். ஆனால் பழைய கைபேசி எண்ணிலேயே கணக்கு தொடங்காதீர்கள். 'இவரைத் தெரியுமா?' என்று அந்தத் தளமே மாமாவுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு நடந்தது!

மாற்றம்: ஃபேஸ்புக் அன்றாடப் பெயரைத்தான் கேட்கும், ஒருமுறை மாற்றினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். எக்ஸ் தளத்தில் புனைபெயருக்குத் தடையில்லை.

வேலை தேடுகிறவர்களும் கடைக்காரர்களும் சொந்தப் பெயரிலேயே இருங்கள். கவிதை, அரசியல் என்றால் புனைபெயர், அப்புறம் தனி மின்னஞ்சல்.