சர்ஃபேஸ் கிரைண்டர்: பன்னிரண்டு வருடப் புழக்கத்துக்குப் பிறகு

கோவையில் கிரைண்டர் என்று சொன்னால் பாதிப் பேருக்கு இட்லி மாவுதான் நினைவுக்கு வரும். நான் சொல்ல வந்தது இரும்பைச் சீவுகிற சர்ஃபேஸ் கிரைண்டரைப் பற்றி. 450க்கு 150 மில்லிமீட்டர் மேஜை, கையால் சுற்றி ஓட்டும் வகை. 2012இல், மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையின் பொருட்களோடு பழைய இயந்திரமாக வாங்கினேன். அன்றிலிருந்து தகட்டை அழுத்தி வெட்டி வடிவமைக்கும் பிரஸ் டூல்களுக்கான டை, பஞ்ச், தகடுகள்தான் இதன் வேலை.

அந்த ஆண்டின் மின்வெட்டை இங்கே பட்டறை வைத்திருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வேலைப்பொருளைப் பிடித்துவைக்க மின்காந்த மேக்னட் உள்ள இயந்திரம் ஒன்றும் விலைக்கு வந்தது. தேய்க்கும் கல் சுழலும்போது மின்சாரம் போனால் மேக்னட் பிடியை விட்டுவிடும், வேலைப்பொருள் பறக்கும். அதனால் நிரந்தரக் காந்த மேக்னட் உள்ளதையே எடுத்தேன். இதுவரை வருந்தியதில்லை.

வருந்தியது வேறு விஷயத்துக்கு. முதல் வருடம் முழுக்க இயந்திரத்தையே திட்டிக்கொண்டிருந்தேன். 60 எச்ஆர்சி (ராக்வெல் கடினத்தன்மை அளவு) வரை கடினப்படுத்திய டி2 கருவி எஃகுத் தகடுகளைத் தேய்த்தால் மேற்பரப்பில் பழுப்பும் நீலமுமாகத் திட்டு விழும். கடைசியில் ஒரு மெல்லிய ஓட்டம் விட்டால் நிறம் மறைந்துவிடும், நானும் அனுப்பிவிடுவேன். இரண்டு டைகள் சில வாரங்களில் ஓரம் சிதறித் திரும்பி வந்தன. சிறிதளவு நைட்ரிக் அமிலத்தை ஆல்கஹாலில் கலந்து தடவிப் பார்த்தபோது, பளபளத்த முகத்தில் கருத்த திட்டுகள் எழுந்தன. நிறம்தான் போயிருந்தது, சூட்டில் மென்மையான அடுக்கு உள்ளேயே இருந்தது.

தவறு கல்லில். ‘இரும்பு கடினம், எனவே கல்லும் கடினமாக இருக்கட்டும்’ என்று நினைத்திருந்தேன். நேர் எதிர். கடினமான இரும்புக்கு மென்மையான கல் வேண்டும். மழுங்கிய துகள் உதிர்ந்து புதிய கூர்த்துகள் மேலே வந்தால்தான் கல் வெட்டும். உதிராவிட்டால் உரசும், உரசினால் சூடு. நான் போட்டிருந்தது வெள்ளை அலுமினியம் ஆக்சைடு, ஏஏ 46 கே5 வி8. அதில் ‘கே’ என்பது துகளைப் பிடித்துவைக்கும் பிணைப்பின் வலிமை. அதே 46 துகள் அளவில், இன்னும் மென்மையான ‘எச்’ தரத்துக்கு மாறியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கல் வேகமாகத் தேய்கிறது என்று முதலில் மனம் பதைத்தது. திரும்பி வந்த இரண்டு டைகளின் விலையில் எத்தனை கல் வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் போட்டபின் பதைப்பு அடங்கியது.

மீதிப் பாதி டிரெஸ்ஸிங், அதாவது வைர முனையால் கல்லின் முகத்தைச் சீவிப் புதுப்பிப்பது. டூல்ரூமில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, கொத்தாத அம்மியில் மிளகாய் அரைபடுமா?” வைர முனையை மிக மெதுவாக நகர்த்திக் கல்லை வழுவழுப்பாக்கி வைத்திருந்தேன். பார்க்க அழகு, வெட்டாது. இப்போது வைரத்தைக் கொஞ்சம் சாய்த்து, ஓட்டத்துக்கு 0.02 மில்லிமீட்டர் ஆழத்தில், முரட்டு வேலைக்கு வேகமாகவும் கடைசி ஓட்டத்துக்கு மெதுவாகவும் நகர்த்துகிறேன். இறக்கம் கொடுக்காமல் கடைசியில் மூன்று நான்கு முறை ஓட்டிப் பொறி அடங்கவிட்டால் மேற்பரப்பின் சொரசொரப்பு 0.4 மைக்ரான் ஆர்ஏ அளவுக்கு வருகிறது. பழைய இயந்திரத்துக்கு அது போதும்.

கூலன்ட் விஷயத்தில் நிறைய ஊற்றினால் போதும் என்று நம்பியிருந்தேன். 200 மில்லிமீட்டர் கல் நிமிடத்துக்கு 2,800 சுற்றில் ஓடும்போது விளிம்பு வேகம் வினாடிக்கு சுமார் 29 மீட்டர், அதாவது மணிக்கு 105 கிலோமீட்டர். தன்னைச் சுற்றி ஒரு காற்றுப் படலத்தையும் கல் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. தண்ணீரை அது தள்ளிவிடும். குழாய் முனையைத் தட்டையாக்கி, கல்லும் இரும்பும் தொடும் இடத்துக்கு நெருக்கமாகத் திருப்பியபிறகு குறைந்த தண்ணீரே அதிக வேலை செய்கிறது. மாலையில் கூலன்டை நிறுத்தியபின் கல்லை மட்டும் சில நிமிடங்கள் ஓடவிட வேண்டும். இல்லையென்றால் இரவில் ஈரமெல்லாம் கீழ்ப்பக்கம் இறங்கி, காலையில் கல் சமநிலை இழந்து அதிரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது, சிரிக்காதீர்கள்.

அளவு விஷயம் தனிக் கதை. ஏப்ரல் மதியத்தில் தேய்த்த கையோடு மைக்ரோமீட்டர் வைத்தால் அது பொய் சொல்லும். 100 மில்லிமீட்டர் எஃகு பத்து டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 11 மைக்ரான் நீளும்; எனக்கு அனுமதிக்கப்படும் அளவு வித்தியாசமே பல நேரம் பத்து மைக்ரான்தான். வரைபட அளவுகள் 20 டிகிரிக்கு உரியவை. குளிரூட்டிய அறை கட்ட வசதியில்லை. அதனால் வேலைப்பொருளையும் ஸ்லிப் கேஜையும் (துல்லிய அளவுள்ள எஃகுக் கட்டை) ஒரே கிரானைட் மேஜையில் ஒரு மணி நேரம் சேர்ந்து கிடக்கவிட்டு ஒப்பிடுகிறேன். இரண்டும் எஃகு, ஒன்றுபோல் நீளும்.

நடுவில் ஒரு சிபிஎன் (கியூபிக் போரான் நைட்ரைடு) கல்லும் வாங்கினேன். வைரத்துக்கு அடுத்த கடினம், ஆனால் வைரத்தைப்போல் சூட்டில் இரும்போடு வினைபுரிந்து தேயாது. கடின எஃகுக்கு இதைவிட நல்லது இல்லை என்பது உண்மைதான். என் கையோட்ட இயந்திரத்துக்கோ அது வீண் செலவு. போதிய விறைப்பு இல்லாத ஸ்பிண்டிலில், அதாவது கல்லைச் சுழற்றும் தண்டில், அது அதிர்ந்தது, மேற்பரப்பில் அலை விழுந்தது. பெட்டியில் தூங்குகிறது. கணினி இயக்கும் சிஎன்சி கிரைண்டர் வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

மெல்லிய தகடுகளில் இன்றும் எனக்கு முழு வெற்றி இல்லை. மேக்னட் இழுத்துத் தட்டையாக்கும், விட்டதும் பழைய வளைவு திரும்பும். அடியில் காகிதம் வைத்து, இரு முகத்தையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகத் தேய்ப்பதுதான் வழி. பொறுமை இல்லாத நாளில் அந்த வேலையைத் தொடுவதில்லை.

சமீபமாகக் காலையில் முதல் கால் மணி நேரம் ஸ்பிண்டிலில் ஒரு முனகல் கேட்கிறது. பேரிங் மாற்றி, மேக்னட்டின் முகத்தையும் இதே கல்லால் மறுபடி சமன் செய்ய வேண்டும். ஆயுத பூஜைக்கு முன்பே பிரித்துவிட வேண்டும். பொட்டு வைத்த இயந்திரத்தை அடுத்த நாளே பிரிக்க எனக்கு மனம் வருவதில்லை.