புதன்கிழமை தடுப்பூசி: குமரிக் கடலோரத் துணை சுகாதார நிலையங்கள் எப்படி?

காசு கிடையாது, வேலை சுத்தம். கிராம சுகாதார செவிலியரை நம்பிக் கைக்குழந்தையைத் தாராளமாகத் தூக்கிப் போகலாம்.

ஊசியைவிட மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க அவர் கொண்டுவரும் நீலப் பெட்டியைக் கவனியுங்கள். உள்ளே 4 ஐஸ் பேக். ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே அடுக்கக் கூடாது; மேலே வியர்த்து, குலுக்கினால் தண்ணீர் சத்தம் கேட்ட பிறகுதான் அடுக்க வேண்டும். அவசரப்பட்டால், ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் மருந்து உறையும். உறைந்துவிட்டால், உருகினாலும் அது வீண்தான்.

ஆறாவது வாரம்: பென்டாவேலன்ட் இடது தொடையில் 0.5 மி.லி., நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் வலது தொடையில், போலியோ ஊசி வலது மேல்கையில் தோலுக்குள் 0.1 மி.லி. இதோடு போலியோ சொட்டு மருந்தும், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா மருந்தும் வாய்வழியாக. ஒரே நாளில் இத்தனையா என்று பதறித் தள்ளிப்போடாதீர்கள். ஒன்பதாம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா மருந்தைக் கலக்கினால் 4 மணி நேரம்தான் ஆயுள். கலக்கிய நேரம் குப்பியில் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

ஒரே குறை, சில இடங்களில் உட்கார பெஞ்சோ நிழலோ போதாது. அதற்காக 30 நிமிடத்துக்கு முன் கிளம்பிவிட வேண்டாம். கடும் ஒவ்வாமை பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் தெரியும். அதற்கான அவசர மருந்தான அட்ரினலின் செவிலியர் கையில் இருக்கும். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள், எண்ணெயும் வேண்டாம். காய்ச்சலுக்கான பாராசிட்டமால் அளவை, எடை பார்த்து, அவரிடமே அட்டையில் எழுதி வாங்கிவிடுங்கள்.