போன் வந்ததும் ஓடுவதா, நேரம் குறித்துப் போவதா? மொபைல் மெக்கானிக் வீட்டுக்கு எது ஒத்துவரும்

கார் நிற்கும் இடத்துக்கே போய்ப் பழுதுபார்க்கும் மொபைல் மெக்கானிக்குக் கடையும் இல்லை, இழுத்துச் சாத்த ஷட்டரும் இல்லை. போன்தான் கடை, அது இரவு ஒன்பதரைக்கும் திறந்தே கிடக்கும். வீட்டில் எழும் மனக்கசப்பில் பாதி அங்கிருந்துதான் புறப்படுகிறது. தொழிலை நடத்த இரண்டு வழி உண்டு. வண்டி நின்றுபோய்க் கூப்பிடுபவர்களிடம் ஓடுவது ஒன்று, நாளும் நேரமும் குறித்துக்கொண்டு சர்வீஸுக்குப் போவது மற்றொன்று. வழக்கமாக இரண்டையும் வருமானத்தை வைத்துத்தான் எடைபோடுகிறார்கள். வேலை எத்தனை மணிக்கு முடியும் என்று கிளம்பும்போதே வீட்டில் சொல்ல முடிகிறதா என்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வரும்.

முடியும் நேரம்

ஆயிலும் ஃபில்டரும் மாற்ற ஒரு மணி நேரம் போதும். முன்பக்க பிரேக் பேடுக்கு, பேடை அமுக்கிப் பிடிக்கும் கேலிப்பரின் ஸ்லைடு பின்னைத் துடைத்து கிரீஸ் வைப்பது, வீல் நட்டை, முறுக்கு விசையை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் முடுக்குவது எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். குறித்த வேலை குறித்த நேரத்தில் முடியாமல் போவது பெரும்பாலும் பார்ட்ஸால்தான். ஒரே மாடலில் இரண்டு வகை கேலிப்பர் வந்திருக்கும். பழைய பேடைக் கழற்றிய பிறகுதான் கையில் இருப்பது வேறு அளவு என்று தெரியும். அதனால் நேரம் கொடுக்கும்போதே 17 இலக்கச் சேசிஸ் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். அதில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. தட்டச்சு செய்து அனுப்பியதில் அவை இருந்தால் ஒன்றையும் பூஜ்யத்தையும் தப்பாகப் படித்திருக்கிறார்கள். பின்பக்கம் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். பல வண்டிகளில் ஸ்கேனரால் சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோகாமல் கேலிப்பர் பிஸ்டனை அமுக்கினால் அந்த பிரேக்கின் மோட்டார் போய்விடலாம்.

பிரேக்டவுன் அழைப்பில் இப்படி எதையும் முன்கூட்டிக் கட்டுப்படுத்த முடியாது. போனிலேயே கேட்டால் கொஞ்சம் பிடிபடும். சாவியைத் திருப்பினால் 'டக் டக் டக்' என்று வேகமாகத் தட்டினால் பேட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கலாம். விளக்கு மங்காமல் ஒரே ஒரு 'டக்' மட்டும் வந்தால் செல்ஃப் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெட்ரோல், ஸ்பார்க், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் என்று வேலை நீளும். முதல் வகை அரை மணியில் முடியும். மூன்றாவது வகையை மாலை ஐந்து மணிக்கு ஏற்றுக்கொண்டால் இரவுச் சாப்பாடு வீட்டில் இல்லை.

இதைவிட மோசமானது, 'ராத்திரி நிறுத்தினால் காலையில் பேட்டரி இருக்க மாட்டேங்குது' என்ற புகார். வண்டியைப் பூட்டிய பிறகு உள்ளே இருக்கும் கன்ட்ரோல் யூனிட்கள் உறங்கவே சில வண்டிகளில் 20 முதல் 40 நிமிடம் ஆகும். அதற்குப் பிறகுதான் மல்டிமீட்டர் சொல்வது உண்மை. பேட்டரியிலிருந்து இழுபடும் மின்சாரம் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு ஃபியூஸாகத் தேட வேண்டும். நடுவில் யாராவது கதவைத் திறந்தால் எல்லாம் விழித்துக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இதற்குத் தனி முற்பகல் ஒன்றை ஒதுக்குவதுதான் சரி.

காலையா, மாலையா

வாடிக்கையாளர்கள் மாலையைத்தான் கேட்பார்கள், வேலை முடிந்து அப்போதுதான் வீடு திரும்புகிறார்கள். ஆனால் வண்டியும் அப்போதுதான் கொதித்துக்கொண்டு வந்து நிற்கும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்க முடியாது. அலுமினிய ஹெட்டிலிருந்து ஸ்பார்க் பிளக்கைச் சூட்டோடு கழற்றினால் மரை பெயர்ந்து வரும் ஆபத்து உண்டு. ஆற விட்டுக் காத்திருக்கும் முக்கால் மணி நேரம் வீட்டுக் கணக்கிலிருந்துதான் போகிறது. இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில் நேராக வேலையைத் தொடங்கலாம். ஆயில் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நன்றாக வடியும். அதற்கு ஐந்து நிமிடம் ஓடவிட்டால் தீர்ந்தது.

வீட்டுக்குள் வரும் தொழில்

பிரேக்டவுன் முறையில் வீட்டில் ஒருவர் சம்பளமில்லாத ரிசப்ஷனிஸ்ட் ஆகிவிடுகிறார். நேரம் குறிக்கும் முறையில், மதியம் அரை மணியும் மாலை ஆறுக்கு முன் அரை மணியும் திருப்பி அழைப்பதாகச் சொல்லிவைத்தால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். வீல் நட் முடுக்கும்போது போன் எடுக்காமல் இருப்பது வேலைக்கும் நல்லது. எடுத்துவிட்டால், எதில் விட்டோம் என்று யோசிக்காமல் எல்லா நட்டையும் முதலிலிருந்து முடுக்க வேண்டும்.

சரக்கைப் பொறுத்தவரை இரண்டிலும் தொல்லை உண்டு. பிரேக்டவுனுக்கு ஓடுபவர் பேட்டரி, பெல்ட், கூலன்ட் எல்லாம் கைவசம் வைக்க வேண்டும். அவை வீட்டு மூலையில் வந்து சேரும். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் இனிக்கும். குழந்தையோ நாயோ கொஞ்சம் குடித்தாலும் உயிருக்கே ஆபத்து. அதைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றிவைக்கவே கூடாது, பூட்டிய அலமாரிதான் அதன் இடம். பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும், ஆகவே படுக்கும் அறைப் பக்கம் வேண்டாம். சர்வீஸ்காரருக்குக் கழிவு ஆயில்தான் பிரச்சினை. வண்டிக்கு 4 லிட்டர், நாளுக்கு மூன்று வண்டி என்றால் ஐந்து நாளில் 60 லிட்டர். கழிவு ஆயில் எடுப்பவரிடம் வாராவாரம் கொடுக்காவிட்டால் வீடு ஒர்க்‌ஷாப் வாடை அடிக்கும்.

கலந்து செய்தால்

வருமானத்தில் பிரேக்டவுனுக்கு ஒரு அழைப்புக்குக் கூலி அதிகம், நடுவே சும்மா இருக்கும் நேரமும் அதிகம். புதிதாகத் தொடங்கியவர் அதை ஒதுக்கவும் முடியாது. ஆனால் பேட்டரி மாற்றப் போன இடத்திலேயே பிரேக்கையும் டயரையும் பார்த்து, அடுத்த வேலைக்கு ஒரு காலை நேரத்தைக் குறித்துவிட்டு வந்தால் சில மாதங்களில் தட்டு மறுபக்கம் சாயும்.

பிறகு காலையில் பெரிய வேலை இரண்டு, மதியத்துக்குப் பின் சின்ன வேலை ஒன்று, இடையில் தலா 30 நிமிட இடைவெளி. பிள்ளையைப் பள்ளியிலிருந்து மூன்று மணிக்கு அழைக்க வேண்டுமென்றால் மதிய வேலை ஒரு மணிக்கே தொடங்கியிருக்க வேண்டும். அவசர அழைப்பு நான்கு மணி வரைதான், அதுவும் பேட்டரி, பஞ்சர் மாதிரி முடிவு தெரிந்தவை மட்டும். வாரத்தில் ஒரு மாலை மட்டும் எதற்கும் தயார் என்று வீட்டிலும் முன்பே சொல்லிவிடலாம். கிளட்ச், டைமிங் பெல்ட் இரண்டையும் தெருவோரத்தில் தொடவே வேண்டாம்.

துருப்பிடித்த போல்ட் இந்த அட்டவணையை எப்படியும் ஒருநாள் கவிழ்க்கும். ஆயில் அடித்துக் காத்திருந்து இரண்டு முறை முயன்றும் அசையாவிட்டால் அங்கேயே நிறுத்தி, கழற்றியதைப் பூட்டி, வண்டி பத்திரமாக ஓடும் நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேறு நாள் குறிப்பது நல்லது. போல்ட்டின் தலை உடைந்தால் ஒரு மணி நேர வேலை மூன்று மணி நேரம் ஆகும். இருட்டிய பிறகு சாலையோரத்தில் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டிய வேலை வந்தால், அது பழுதான வண்டியை இழுத்துப்போகும் டோ வண்டிக்காரருக்கு உரியது.