ஜாங்கோவில் டெஸ்ட் டேட்டாபேஸ் செட்டிங்ஸை எங்கே வைப்பது?

பைத்தானில் வெப் ஆப் எழுத உதவும் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோ, டெஸ்ட் ஓட்டும்போது நிஜ டேட்டாபேஸைத் தொடாமல் தனியாக ஒரு டெஸ்ட் டேட்டாபேஸை உருவாக்கிக்கொள்ளும். ஜாங்கோ 1.7க்கு முன்பு டெஸ்ட் டேட்டாபேஸின் செட்டிங்ஸும் நிஜ டேட்டாபேஸின் செட்டிங்ஸும் ஒரே வரிசையில் கலந்து கிடக்கும். 'நேம்', 'யூசர்', 'ஹோஸ்ட்' இவற்றுக்கு நடுவிலேயே 'டெஸ்ட்_நேம்', 'டெஸ்ட்_சார்செட்', 'டெஸ்ட்_மிரர்' எல்லாம் இருக்கும். ஆரக்கிள் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்குப் பட்டியல் இன்னும் நீளும். 2014இல் வந்த 1.7, 'டெஸ்ட்' என்ற, பெயரும் மதிப்புமாக அடுக்கிய ஒரு டிக்‌ஷனரியை உள்ளே வைத்து, முன்னொட்டு இல்லாமல் எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவந்தது. 1.9இல் பழைய முறை நீக்கப்பட்டது.

இந்த இரண்டில் உள் டிக்‌ஷனரியே மேல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எது டெஸ்டுக்கு, எது நிஜத்துக்கு என்பது பார்த்தவுடன் தெரிகிறது. ஆனால் பழைய புராஜெக்டை மேலே ஏற்றுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மிச்சமிருக்கும் 'டெஸ்ட்_நேம்' வரியை இன்றைய ஜாங்கோ பிழை எதுவும் காட்டாமல் விட்டுவிடும். நீங்கள் கொடுத்த பெயருக்குப் பதிலாக, நிஜப் பெயருக்கு முன் 'டெஸ்ட்_' சேர்த்து அதுவே ஒரு டேட்டாபேஸை உருவாக்கிக்கொள்ளும். பலர் பகிரும் சர்வரில் இதனால் பெயர் மோதல் வரலாம்.

அடுத்த போட்டியாளர், டெஸ்டுக்கென்று தனி செட்டிங்ஸ் கோப்பு. இது நிறைய பேருக்குப் பழக்கம். மெயில் அனுப்புவது, கேஷ், பாஸ்வேர்ட் ஹேஷிங் போன்றவற்றை டெஸ்டுக்காக மாற்ற இது சரியான இடம்தான். டேட்டாபேஸையும் அங்கேயே மாற்றும்போதுதான் சிக்கல் வருகிறது. வேகம் வேண்டும் என்று நிஜ சர்வரில் ஓடும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை எடுத்துவிட்டு எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸை வைப்பார்கள். நினைவகத்திலேயே ஓடுவதால் டெஸ்ட் சீக்கிரம் முடியும், உண்மைதான். ஆனால் எழுத்துகளைச் சேமிக்கும் சார்ஃபீல்டுக்கு நாம் கொடுக்கும் அதிகபட்ச நீளத்தை எஸ்க்யூலைட் கட்டாயப்படுத்தாது. போஸ்ட்கிரெஸ் பிழை எறியும். வரிசைகளை வேறு யாரும் மாற்றாதபடி பூட்டும் 'செலக்ட் ஃபார் அப்டேட்' எஸ்க்யூலைட்டில் எந்தப் பூட்டும் போடாது. ஒரே ஃபீல்டில் பட்டியலை வைக்கும், போஸ்ட்கிரெஸுக்கே உரிய அர்ரே ஃபீல்டு அங்கே வேலையே செய்யாது. இப்படி டெஸ்ட் பாஸாகி, நிஜ சர்வரில் உடையும் நிரலுக்கு அந்த வேகத்தால் என்ன பயன்? வேகம்தான் பிரச்சினை என்றால் டெஸ்ட் டேட்டாபேஸை அழிக்காமல் அடுத்த முறைக்கு வைத்திருக்கும், 1.8இல் வந்த 'கீப்டிபி', டெஸ்டுகளை ஒரே நேரத்தில் இணையாக ஓட்டும், 1.9இல் வந்த 'பேரலல்' இரண்டையும் முதலில் முயன்று பாருங்கள். எஞ்சினை மாற்றாமலே காத்திருப்பு குறையும்.

ரூபி மொழியின் வெப் ஃபிரேம்வொர்க்கான ரெயில்ஸின் வழி வேறு. ஒரே யாமல் (செட்டிங்ஸ் எழுதும் எளிய வடிவம்) கோப்பில் டெவலப்மென்ட், டெஸ்ட், புரொடக்‌ஷன் என்று தனித்தனிப் பகுதிகள். படிக்கத் தெளிவாக இருக்கும். ஆனால் டெஸ்ட் பகுதியில் தவறிப்போய் டெவலப்மென்ட் டேட்டாபேஸின் பெயரை எழுதிவிட்டால் அதிலுள்ள தகவல் அழியும். ரெயில்ஸ் உருவாக்கித் தரும் அந்தக் கோப்பிலேயே இதற்கான எச்சரிக்கை இருக்கிறது. ஜாங்கோவில் நாமாகப் பெயர் கொடுக்காதவரை அது தானாகச் சேர்க்கும் 'டெஸ்ட்_' முன்னொட்டே காப்பு. இந்த இடத்தில் எனக்கு ஜாங்கோவின் ஏற்பாடுதான் பிடிக்கும்.

ஒன்றுக்கு மேற்பட்ட டேட்டாபேஸ் இருந்தால் உள் டிக்‌ஷனரியின் அருமை இன்னும் புரியும். படிக்க மட்டும் ஒரு ரெப்ளிகா (முதன்மை டேட்டாபேஸின் நகல்) வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டெஸ்டில் ரெப்ளிகேஷன் நடக்காது. முதன்மை டேட்டாபேஸான 'டிஃபால்ட்'டில் எழுதியதை ரெப்ளிகாவில் தேடினால் கிடைக்காது. ரெப்ளிகாவின் 'டெஸ்ட்' டிக்‌ஷனரிக்குள் 'மிரர்' என்று போட்டு 'டிஃபால்ட்'டைக் காட்டினால் போதும், ஜாங்கோ இரண்டையும் ஒரே டேட்டாபேஸாக நடத்தும். இந்தத் தகவல் அந்தக் கனெக்‌ஷனின் பக்கத்திலேயே இருப்பதுதான் நியாயம். வேறொரு கோப்பில் இருந்தால் புதிதாக வருபவர் கண்ணில் படாது.

என்விரான்மென்ட் வேரியபிள் (நிரலுக்கு வெளியே, சிஸ்டத்தில் வைக்கும் மதிப்பு) பற்றி ஒரு வரி போதும்: ஹோஸ்ட், யூசர், பாஸ்வேர்ட் போல இடத்துக்கு இடம் மாறுவதை அதில் வையுங்கள், மற்றதை 'டெஸ்ட்' டிக்‌ஷனரியில் எழுதுங்கள். டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ சர்வரில் போஸ்ட்கிரெஸ் யூசருக்கு டேட்டாபேஸ் உருவாக்கும் உரிமை கொடுத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது இல்லையென்றால் எந்த முறையில் எழுதினாலும் முதல் டெஸ்டுக்கு முன்பே நின்றுவிடும்.